உங்களுக்குத் தெரியுமா? சென்னையிலிருந்து டெல்லிக் குளிருக்குக் குடிபோகிறவர்களுக்கு

பெசன்ட் நகர் ராஜாஜி பவனிலோ நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனிலோ வேலை பார்ப்பவருக்கு டிசம்பரில் டெல்லி மாற்றல் வந்தால், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, "தங்கப்போகும் அறை எப்படி இருக்கும்?" என்ற கேள்வி. டெல்லிக் குளிரைத் தெருவில் படுவதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் படப்போகிறோம். இது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை எடுத்துப்போவது, யார் முன்னால் போவது எல்லாமே தெளிவாகிவிடும்.

நம் விடியற்காலை, அவர்கள் மதியம்

ஜனவரியில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாகச் சுமார் 21 டிகிரி. அதே மாதம் டெல்லியின் அதிகபட்ச வெப்பநிலை சுமார் 20 டிகிரிதான். மாம்பலத்தில் மங்கி கேப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறோமே, அந்தக் குளிர்தான் டெல்லியில் நடுப்பகல். இரவில் சர்வசாதாரணமாக 7 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு 13.9 டிகிரி, 1905 ஜனவரியில் பதிவானது. டெல்லி சப்தர்ஜங்கில் 1935 ஜனவரியில் பூஜ்யத்துக்கும் கீழே 0.6 டிகிரி போயிருக்கிறது.

'குளிர் அலை' ஊருக்கு ஊர் வேறு

வட இந்தியச் சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருந்தால்தான் வானிலைத் துறை 'குளிர் அலை' என்று அறிவிக்கும். 4 டிகிரி அல்லது அதற்கும் கீழே போய்விட்டால் வேறு கணக்கே வேண்டாம், அது குளிர் அலைதான். கடற்கரை ஊர்களுக்கு வரம்பு 15 டிகிரி. டெல்லியில் 'குளிர் நாள்' என்றும் ஓர் அறிவிப்பு வரும். அன்று பகலிலும் வெயில் ஏறாது. துணி காயாது, தண்ணீர்த் தொட்டி சூடேறாது. புதிதாகப் போனவர்களை இரவுக் குளிரைவிட இந்தப் பகல்தான் வாட்டும்.

டொராண்டோவைவிட டெல்லியில் நடுங்குவது ஏன்?

டொராண்டோவில் ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே 6, 7 டிகிரி வரை சாதாரணமாக இறங்கும். ஆனால் அங்கே வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும். சுவருக்குள் வெப்பக்காப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வீடு முழுக்கச் சூடாக்கும் கருவி உண்டு. டெல்லி வீடுகள் 45 டிகிரி மே மாதத்தை மனத்தில் வைத்துக் கட்டியவை. மார்பிள் தரை, உயரமான கூரை, சரியாகச் சாத்தாத ஜன்னல். வெளியே 8 டிகிரி என்றால் உள்ளே 12, 13 தான் இருக்கும்; அதிலேயேதான் இரவு முழுதும் படுக்க வேண்டும். வீடு பார்க்கும்போது வாடகையோடு சேர்த்து மூன்று விஷயம் கேளுங்கள். பகலில் எந்த அறையில் வெயில் விழும்? படுக்கையறையில் 16 ஆம்ப் பிளக் இருக்கிறதா? குளியலறையில் கீசர் இருக்கிறதா? தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை பெரியவர்களுக்கு.

ஹீட்டர் ஆக்ஸிஜனைக் குடிக்குமா?

குடிக்காது. மின்சார ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, ஆகவே ஆக்ஸிஜனும் குறைவதில்லை. அறைக் காற்று சூடேறும்போது அதன் ஈரப்பத விகிதம் குறையும். தொண்டையும் உதடும் வறள்வது அதனால்தான். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது கொஞ்சம் உதவும். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் தின்னும். தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 240 யூனிட். ஆயில் நிரப்பிய ஹீட்டர் சூடாகத் தாமதமாகும், ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டைத் தக்கவைக்கும், சிவக்கும் கம்பியும் இல்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது. எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஹீட்டரைச் சொருகாதீர்கள்.

கரியடுப்பு அறைக்குள் வேண்டவே வேண்டாம்

வடக்கே அங்கீட்டி என்று சொல்லும் கரியடுப்பை வாசலில் வைத்துக் குளிர் காய்வார்கள். அதைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி, குடும்பமாக உயிரை விட்டவர்கள் பற்றிய செய்தி ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வருகிறது. கொல்வது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாமல் செய்துவிடும். காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்தாலும் இதே ஆபத்துதான். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பரணிலிருக்கும் ஜமக்காளத்தை இறக்குங்கள்

கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் மட்டும் விரித்த பவானி ஜமக்காளம் பல வீடுகளில் சுருட்டியே கிடக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கெட்டி நெசவு, டெல்லி மார்பிள் தரைக்கு ஏற்ற விரிப்பு. தரை உள்ளங்காலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுவில் கெட்டியாக ஒரு துணி இருந்தால் அந்த இழப்பு பெருமளவு குறையும். பூஜை செய்ய, சாப்பிடத் தரையில் உட்காரும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஜமக்காளத்தின் மேல் மடித்த போர்வை ஒன்றும் போடுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையை விற்றுவிடாதீர்கள்

லாரியில் இடம் போதாது என்று பலர் முதலில் கழிப்பது மெத்தையைத்தான். பஞ்சு மெத்தை சூடு காக்கும், அதையே எடுத்துப்போங்கள். ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். குளிர்காலம் தொடங்கும்போது பழைய ரஜாயைப் பிரித்து, பஞ்சை அடித்து உதறி, மறுபடி நிரப்பித் தைத்துத் தருகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். அமுங்கிப்போன பஞ்சில் காற்று தங்காது. காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது.

கம்பளி செய்யும் வேலை

ஸ்வெட்டருக்கென்று சொந்தச் சூடு கிடையாது. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அதனால் ஒரே ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: ஒட்டினாற்போல ஒரு தெர்மல், அதன் மேல் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் ஈரம் தெரியாமல் இருக்கும். பருத்தி அப்படியல்ல, வேர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சில்லிட்டுவிடும். பருத்தி பனியனை உள்ளே போட்டுக்கொண்டு மாடி ஏறி இறங்கினால் இது தெரியும்.

தி.நகரில் எது, டெல்லியில் எது?

உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் தெர்மல், காலுறை, சால்வை, ஆளுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் மட்டும் வாங்குங்கள். இவை வழிப் பயணத்துக்கும் முதல் வாரத்துக்கும் போதும். ஜாக்கெட்டும் குழந்தைகளின் பள்ளிச் சீருடை ஸ்வெட்டரும் டெல்லியில் வாங்க வேண்டியவை. இந்தியாவின் கம்பளிப் பின்னலாடைத் தலைநகர் பஞ்சாபின் லூதியானா. அங்கிருந்து வரும் சரக்கு டெல்லிக் கடைகளில் குவிந்திருக்கும், தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். பள்ளிகள் ஸ்வெட்டர் நிறத்தைக்கூட விதித்துவிடும் என்பதால் முன்கூட்டி வாங்குவது வீண்.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறதா?

இல்லை. உடல் பரப்பில் தலைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்; இழக்கும் சூடும் கிட்டத்தட்ட அந்த அளவே. உடம்பு முழுக்க மூடித் தலையை மட்டும் திறந்துவைத்துச் செய்த பழைய ராணுவச் சோதனை ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய நம்பிக்கை அது. இருந்தாலும் காதும் கழுத்தும் குளிரைச் சட்டென்று உணரும் இடங்கள். சென்னையில் மற்றவர்கள் எப்படிப் பார்த்தாலும் சரி, தாத்தாவின் மங்கி கேப் டெல்லிக்குக் கட்டாயம் போக வேண்டும்.

பீரோவில் தூங்கிய ஸ்வெட்டர்

முன்பு எப்போதோ ஊட்டிக்கோ காசிக்கோ போகும்போது வாங்கிய ஸ்வெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கம்பளியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் அந்துப்பூச்சிப் புழுவுக்கு உணவு. ஓட்டை கண்ணில் பட்டால் அந்தத் துணியை மற்ற துணிகளோடு கட்டாதீர்கள். ஒரு பெட்டி முழுவதும் போய்விடும். துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, தனிப் பையில் வையுங்கள். பட்டுப்புடவைப் பெட்டியில் அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. பழைய பருத்தி வேட்டியில் புடவையைச் சுற்றுவதே பாதுகாப்பு.

கொலுப் பெட்டியைத் திறந்து மறுபடி கட்டுங்கள்

நவராத்திரி முடிந்து பரணில் ஏற்றிய பெட்டி, அசையாமல் இருப்பதற்காகக் கட்டியது. 2,000 கிலோமீட்டருக்கும் மேல் லாரியில் குலுங்குவதற்கு அது போதாது. வடக்கு மாடவீதியில் வாங்கிய மண் பொம்மைகளில் முதலில் உடைவது புல்லாங்குழல், மணிக்கட்டு, கழுத்து. இந்த மெல்லிய இடங்களில் முதலில் பஞ்சை வைத்து வெள்ளைத் தாளால் சுற்றுங்கள். அச்சடித்த நாளிதழ் நேராகப் பட்டால் ஈரத்தில் மை பெயிண்டில் ஒட்டிவிடும். அதன் மேல் கிழிந்த வேட்டி, அதற்கும் மேல் நாளிதழ். கனமான பொம்மை அடியில், செட்டியாரும் காய்கறிக் கடையும் மேலே. பொம்மைக்கும் பெட்டிக்கும் நடுவில் கசக்கிய தாளைத் திணியுங்கள். மூடியபின் பெட்டியை லேசாக அசைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே சத்தம் வந்தால் இன்னும் திணிக்க வேண்டும். காகிதக்கூழ் பொம்மைகள் உடையாது, ஆனால் ஈரம் ஆகாது. அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் தனியாகப் போடுங்கள்.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் குளிர் தெரியும்

வீணை பலாமரத்தில் செய்தது. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்து நிற்பவை. மரம் ஈரக் காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். கடற்காற்றில் பழகிய வீணையை டெல்லியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மரமும் மெழுகும் இரண்டுமே பாதிக்கப்படும். பயணத்துக்கு முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். போய்ச் சேர்ந்ததும் உறையை உடனே கழற்றாமல் ஒரு நாள் அறைக் காற்றுக்குப் பழக விடுங்கள். மிருதங்கத்தின் தோல் வறட்சியில் இறுகிச் சுருதி ஏறும், ஈரத்தில் தளர்ந்து இறங்கும். சுருதி நிலைக்கச் சில நாள் ஆகும்.

இங்கே மழை, அங்கே குளிர்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. குளிர்கால மாற்றலுக்குச் சாமான் கட்டுவதும் அதே மாதங்களில்தான். ஈரக் காற்றில் மூடிய அட்டைப்பெட்டியில் புத்தகமும் தோல் செருப்பும் லாரியிலேயே பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கும் ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே காட்டிவிட்டு அன்றே மூடுங்கள். டெல்லியில் குளிர்கால மழை வேறு வழியில் வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பும் மேற்கத்திய கலக்கங்கள் கொண்டுவருவது அது.

ஆளோடு எவ்வளவு, பார்சலில் எவ்வளவு?

ரயிலில் கட்டணமில்லாமல் கொண்டுபோகக்கூடிய சுமை: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ, முதல் வகுப்பு ஏசியில் 70 கிலோ. அதற்கு மேல் உள்ளதை சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஸ்கூட்டரையும் அங்கேயே அனுப்பலாம்: பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, சாக்குச் சுற்றிக் கட்டி, ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் கொடுக்க வேண்டும். ஸ்வெட்டர், சால்வை, மருந்து மூன்றும் பார்சலில் போகக் கூடாது. கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் குளிர் எங்கே ஏறும்?

1976-ல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரவு சென்ட்ரலில் புறப்பட்டு மறுநாள் மதியம் நாக்பூர், இரவு போபால் தாண்டி மூன்றாம் நாள் காலை டெல்லி சேர்கிறது. முதல் நாள் இரவு நம்மூர் உடையே போதும். நாக்பூரைத் தாண்டி மாலையானதும் காற்று மாறும். போபாலுக்கு முன்பே குழந்தைகளுக்குத் தெர்மல் போட்டுவிடுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் கம்பளி தரமாட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். இதைவிட மூத்தது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். 1929-ல் தொடங்கியபோது அது பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடியது.

தண்டவாளத்தில் பட்டாசு

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வேகமாகச் சூட்டை இழக்க, அதை ஒட்டிய ஈரக் காற்று மூடுபனியாகிறது. கங்கைச் சமவெளியில் இது நாட்கணக்கில் நீடிக்கும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாதபோது அதற்கு முன்னால் தண்டவாளத்தில் சிறு வெடிகளைப் பொருத்துவது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். சக்கரம் ஏறும்போது வெடிக்கும் சத்தம் ஓட்டுநரை எச்சரிக்கும். இப்போது ஜிபிஎஸ் மூலம் அடுத்த சிக்னலைச் சொல்லும் 'ஃபாக் பாஸ்' கருவியும் உண்டு. விமானத்தில் போகிறவர்கள் அதிகாலையிலும் நள்ளிரவிலும் இறங்கும் விமானங்களைத் தவிர்த்து, பிற்பகலில் இறங்குவதைப் பதிவு செய்யுங்கள். அதற்குள் பனி விலகியிருக்கும்.

மூடுபனிக்குள் புகை

தரையருகே குளிர்ந்த காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று என்று தலைகீழாக அமைந்துவிட்டால் புகை மேலே போக வழியில்லை. டெல்லியின் குளிர்காலக் காற்று மோசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் 201 முதல் 'மோசம்', 301 முதல் 'மிக மோசம்', 401 முதல் 'கடுமை'. ஆஸ்துமா உள்ளவர்கள் சென்னையிலேயே மருத்துவரைப் பார்த்து, இன்ஹேலர் அளவை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். வெளியே போக என்95 முகக்கவசம் வேண்டும். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. ஹெப்பா வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபையரை, ஜன்னல் சாத்திய படுக்கையறையில் வையுங்கள்.

TN வண்டிக்கு ஒரு கணக்கு

மந்தைவெளியின் 06-ஆக இருந்தாலும் திருவான்மியூரின் 07-ஆக இருந்தாலும், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கிளம்பும் முன் இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். காற்று மிகவும் மோசமாகும் நாட்களில் டெல்லியில் பிஎஸ் 3 பெட்ரோல் கார்களும் பிஎஸ் 4 டீசல் கார்களும் ஓடத் தடை வரும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் அங்கே நீதிமன்ற உத்தரவுகளின்படி கட்டுப்பாடுகள் உண்டு. பழைய காரை லாரியில் ஏற்றுவதற்கு முன் நடப்பு விதியைப் பாருங்கள். பலருக்கு இங்கேயே விற்பதுதான் லாபம்.

சிலிண்டர் கூட வராது

வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத் தொகையைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். புது ஊரில் அதைக் காட்டிப் புது இணைப்பு பெறலாம். டெல்லியின் பல குடியிருப்புகளில் குழாய் எரிவாயு இருக்கும். அதற்கான அடுப்பில் பர்னர் ஜெட் வேறு. நம் அடுப்பை அப்படியே இணைக்க முடியாது, மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

தேங்காய் எண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். டெல்லியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கட்டியாகவே இருக்கும். வாய் குறுகிய பாட்டிலில் எடுத்துப்போகாமல் அகல வாய் டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் பூஜ்யத்திலும் ஓடும். குளித்த ஈரம் முழுதும் காய்வதற்குள் கை கால்களில் இரண்டு சொட்டு தடவினால் தோல் வெடிக்காது. குளிக்கும் தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தால் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

இட்லி மாவு பொங்க வேண்டுமே

மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் 25 முதல் 30 டிகிரிக்குள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மயிலாப்பூரில் 8 மணி நேரத்தில் பொங்கும் மாவுக்கு ஜனவரி டெல்லியில் ஒரு முழு நாள் போதாமல் போகலாம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். உளுந்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு ஸ்பூன் வெந்தயம் சேருங்கள். உப்பு அதிகமானால் பொங்குவது தாமதமாகும். மாவுப் பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி, மூடி, கம்பளியால் சுற்றி வையுங்கள். ஓவன் இருந்தால் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைக்கலாம். தயிருக்குப் பாலைச் சற்றுக் கூடுதல் சூட்டில் உறை குத்தி, ஹாட் பாக்ஸில் மூடிவிடுங்கள்.

குளிரின் காய்கறி

டெல்லி குளிர்காலத்தின் பெரிய ஆறுதல் சந்தை. சிவப்புக் கேரட், இளசான முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, வெந்தயக்கீரை, காலிஃபிளவர் எல்லாம் மலிவாகவும் புதிதாகவும் வரும். முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, இட்லி அரிசிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட், கரோல்பாக், ஆர்.கே. புரம், முனீர்கா பக்கம் போனால் போதும். மளிகையை மூட்டை மூட்டையாகக் கட்டத் தேவையில்லை. வீட்டில் திரித்த சாம்பார்ப் பொடி, வடாம், நார்த்தங்காய் ஊறுகாய், ஃபில்டர் இவை மட்டும் போதும்.

துளசிக்குப் போர்வை

வெப்பமண்டலச் செடியான துளசி உறைபனியில் கருகும். அடையாறு வீட்டு மாடத்திலிருந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, காய்ந்த கதிரிலிருந்து விதை எடுத்துப்போங்கள். மார்ச் கடைசியில் விதைத்தால் முளைத்துவிடும். தொட்டியோடு கொண்டுபோயே தீர வேண்டும் என்றால், பகலில் வெயில், இரவில் ஜன்னலுக்கு உள்பக்கம்.

பெரியவர்களின் காலை நடை

குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும்; மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுகின்றன. நாகேஸ்வரராவ் பூங்காவில் விடியற்காலை நடந்து பழகியவர், டெல்லியில் வெயில் ஏறி 10, 11 மணிக்கு நடக்கட்டும். காற்றும் அப்போது சற்றுத் தெளிந்திருக்கும். தாகம் தெரியாது என்பதால் வெந்நீரை நினைவுபடுத்திக் கொடுங்கள். ஃபுளூ தடுப்பூசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உருவாக அவ்வளவு நாள் வேண்டும். கைக்குழந்தைக்கு நாம் போடுவதைவிட ஒரே ஓர் அடுக்கு அதிகம் போதும். முகத்தருகே கனத்த போர்வை கூடாது.

பள்ளிக்கூடமும் பகல் நேரமும்

டிசம்பர் 21-ஐ ஒட்டி சென்னையில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். டெல்லியில் சுமார் 10 மணி 20 நிமிடம். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்கவே 7 மணி தாண்டும். பள்ளி வேன் இருட்டில் வரும். டெல்லிப் பள்ளிகளில் ஜனவரி முதல் பாதியில் குளிர்கால விடுமுறை விடுவது வழக்கம்; குழந்தைகள் புது வீட்டுக்குப் பழக அது நல்ல இடைவெளி. தமிழ் படிக்க வேண்டும் என்றால், 1923-ல் தொடங்கிய டெல்லி தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது.

முன்னால் போனவர்கள் போட்ட பாதை

டெல்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் பிறந்தது, ஆர்.கே. புரத்தில் இயங்குகிறது. அதே பகுதியில் குன்றின் மேல் நிற்கும் மலை மந்திர் சுவாமிநாத சுவாமி கோயிலுக்கு 1973-ல் குடமுழுக்கு நடந்தது. 'கணையாழி' இதழை 1965-ல் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கியதும் டெல்லியில்தான். இந்திரா பார்த்தசாரதி, ஆதவன், தி. ஜானகிராமன் மூவரும் அங்கே வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். ஆதவனின் 'காகித மலர்கள்' புது ஊரில் முதல் மாதம் படிக்க ஏற்ற புத்தகம். அட்டைப்பெட்டியில் கட்டாமல் கைப்பையில் வையுங்கள்.

இன்னும் வடக்கே போகிறவர்களுக்கு

லடாக்கில் சாதாரண டீசல் குளிரில் கெட்டியாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கே அறிமுகப்படுத்தியது. கனடா போகிறவர்கள் சென்னையில் வாங்கிய வெட் கிரைண்டரை எடுத்துப்போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதற்கென்றே செய்த மாடல் வேண்டும். பனிக்கான கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாங்குங்கள். டொராண்டோவின் மிகக் குளிர்ந்த மாதம் ஜனவரி. அதைத்தான் கனடா நாடாளுமன்றம் 2016-ல் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. ஆகவே ஜனவரியில் போனால் அந்த மாதமே பொங்கல் விழாவில் ஆட்களைப் பழகிக்கொள்ளலாம்.

மார்கழி தள்ளிப்போட்டால் நல்லதுதான்

மார்கழியில் வீடு மாற்றுவதில்லை என்ற நம் வழக்கம் டெல்லி விஷயத்தில் கைகொடுக்கிறது. அங்கே மூடுபனியும் குளிர் அலையும் உச்சத்தில் இருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி தாண்டி. தை கடைசியில், பிப்ரவரி பாதியில் போனால் பகல் இதமாக இருக்கும். கோடை வரும் முன் ஊர் பழகிவிடும். தேதி நம் கையில் இல்லையென்றால், வேலைக்குச் சேர வேண்டியவர் மட்டும் முதலில் போகட்டும். போனதும் படுக்கையறை ஜன்னல் இடுக்குகளை அடைத்து, ஹீட்டருக்கும் கீசருக்கும் பிளக்கைச் சரிபார்த்து, ரஜாய் வாங்கி, தரையில் ஜமக்காளம் விரித்து, அந்த ஓர் அறையை முழுதாகத் தயார் செய்யட்டும். அறை ஆயத்தம் என்று அவர் போனில் சொன்ன பிறகு பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் டிக்கெட் போடுங்கள்.